வண்ணம் நம்முடையது, சுவர் யாருடையது? – வாசகர் கேள்விகள்

போன மாதம் இந்தப் பக்கத்தில், ஓவியர்கள் குடியேறிய பேட்டைகளில் வாடகை ஏறி கடைசியில் ஓவியர்களே காலி செய்ய வேண்டி வருவதைப் பற்றி ஏழெட்டு வரியில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அவசரத்தில் எழுதியது. வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் ஓவியர்களைத் திட்டியிருக்கிறார்கள், ஒருவர் மட்டும் இரண்டு தரப்பையும் சமமாக. அதனால் இந்த மாதம் முழுக்க இந்த ஒரே விஷயம்தான். வேறு கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று எழுதுகிறீர்களே, தமிழில் அதற்கு ஒரு வார்த்தை கூடவா இல்லை?

இருக்கிறது. ‘மேட்டுக்குடியாக்கம்’ என்று எழுதுகிறார்கள். அர்த்தம் சரிதான், ஆனால் பேச்சில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆங்கிலச் சொல்லுக்கும் வயது அதிகமில்லை. ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் 1964-இல் லண்டனைப் பற்றி எழுதும்போது உண்டாக்கியது. ‘ஜென்ட்ரி’ என்றால் நிலபுலன் உள்ள பெரிய வீட்டுக்காரர்கள், மிராசுதார் மாதிரி. உழைக்கும் மக்கள் குடியிருந்த பகுதிகளில் நடுத்தர வர்க்கத்தார் ஒவ்வொரு வீடாக நுழைந்து, செப்பனிட்டு, கடைசியில் பழைய குடித்தனக்காரர்கள் யாருமே இல்லாமல் அந்தப் பகுதியின் முகமே மாறிப்போவதை அந்த அம்மையார் கொஞ்சம் கிண்டலோடுதான் அப்படி அழைத்தார். நான் இங்கே ‘பேட்டை மாறுவது’ என்றே எழுதப் போகிறேன். ஆனால் ஒன்று, தெருவில் புது விளக்கு போட்டால் அது இந்தக் கணக்கில் வராது. பழைய ஆட்கள் போக வேண்டி வந்தால்தான் வரும்.

கேள்வி: எந்தப் பேட்டை ஏறப்போகிறது என்று இந்தக் கலைஞர்களுக்கு மட்டும் எப்படி முதலில் மூக்கில் வேர்க்கிறது?

மூக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பை காலி, அவ்வளவுதான். ஒரு சிற்பிக்கு என்ன வேண்டும்? உயரமான கூரை, பகல் வெளிச்சம், சுத்தியலை எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராத சுவர், கல்லையும் இரும்பையும் மேலே ஏற்ற ஒரு சரக்கு லிஃப்ட், இத்தனையும் கம்மி வாடகையில். தொழில் நொடித்துப்போன பட்டறைப் பகுதியைத் தவிர வேறு எங்கே இது கிடைக்கும்?

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் சொல்லும் கதை நியூயார்க்கின் சோஹோ. வார்ப்பிரும்பு முகப்பு வைத்த பழைய கட்டடங்கள், உள்ளே சின்னச் சின்ன தொழிற்கூடங்களும் கிடங்குகளும். அடிக்கடி தீப்பிடித்ததால் தீயணைப்புக்காரர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் ‘நரகத்தின் நூறு ஏக்கர்’. தொழில்கள் ஒவ்வொன்றாகப் போகப் போக, ஓவியர்கள் அந்த மாடிகளுக்கு வந்தார்கள். தொழிலுக்கென்று ஒதுக்கிய இடம், அதில் குடியிருப்பது விதிப்படி தப்பு. 1961-இல் ஓவியர்கள் கூடிக் குரல் கொடுத்து நகர நிர்வாகத்தோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கட்டட வாசலில் ‘ஏ.ஐ.ஆர்.’ என்று ஒரு சின்னப் பலகை, அதில் எந்த மாடி என்ற எண். ‘ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்’ என்பதன் சுருக்கம். பெருமைக்காக மாட்டியது இல்லை. ராத்திரி தீப்பிடித்தால் மேலே ஓர் உயிர் இருக்கிறது என்று தீயணைப்புக்காரருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. சோஹோ என்றதும் இன்று எல்லோருக்கும் ஆடம்பரக் கடைகள்தான் ஞாபகம் வரும், எனக்கு அந்தப் பலகைதான்.

1971-இல் விதி மாறியது. நகரத்தின் கலாச்சாரத் துறையிடம் ‘இவர் கலைஞர்தான்’ என்று சான்றிதழ் வாங்கியவர்கள் சட்டப்படி அங்கே குடியிருக்கலாம் என்றானது. இதைவிடப் பெரிய வெற்றி உண்டா என்று அப்போது நினைத்திருப்பார்கள். ஆனால் பழைய பட்டறை மாடியையே வீடாக்கிக்கொள்ளும் ‘லாஃப்ட்’ வாழ்க்கை ஒரு மோகமாகி, தூரிகையைத் தொட்டே பார்க்காத பணக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள், சான்றிதழ் எங்கே என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கலைஞர்களுக்காகத் திறந்த கதவு, அவ்வளவு பெரிதாகத் திறந்துவிட்டது.

நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் 1979-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஒரு மனை இன்றைக்கு ஈட்டுகிற வாடகை ஒன்று, அதே மனையை வேறு விதமாகப் பயன்படுத்தினால் ஈட்டக்கூடிய வாடகை ஒன்று. சொந்தக்காரர் பழுது பார்க்காமல் போட்டுவைக்க வைக்க இந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி அகலமாகிக்கொண்டே போகும், போதுமான அளவு அகலமானதும் பணம் உள்ளே பாயும். நகரத்துக்குத் திரும்பி வருவது மனிதர்கள் இல்லை, முதலீடு என்பது அவருடைய வாதம். எனக்கு இது சரியென்றே படுகிறது. இடைவெளியை உண்டாக்கியது ஓவியர் இல்லை. ஆனால் இருட்டில் கிடந்த அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் விளக்கைக் கொளுத்திக்கொண்டு உட்காருகிறவர் அவர்தான், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரிந்துவிடுகிறது.

கேள்வி: நான் ஓவியன். ஆறு வருடம் முன் நண்பர்கள் நாலு பேராகச் சேர்ந்து ஒரு பழைய கட்டடத்தில் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தோம். இப்போது கீழே இருந்த தையற்காரரும் பின்பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரரும் வாடகை தாங்காமல் காலி செய்துவிட்டார்கள். தையற்காரர் போகும்போது, “எல்லாம் நீங்க வந்த நேரம் தம்பி” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். மனசு உறுத்துகிறது சார். நாங்கள்தான் காரணமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘இல்லை, கவலைப்படாதீர்கள்’ என்று ஒரு வரியில் எழுதிவிட முடியும், நீங்களும் எதிர்பார்ப்பது அதுதான். ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒரு விஷயம் இருக்கிறது: நாலு பேராகச் சேர்ந்து எடுத்தீர்கள். நாலு பேர் பங்கு போட்டுக் கொடுக்கிற தொகை ஒவ்வொருவருக்கும் சின்னதாகத் தெரியும், கட்டடக்காரருக்கு அது மொத்தமாகத்தானே போகிறது? உங்களுக்கு முன்னால் அந்த மாடியில் யார் இருந்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று விசாரித்ததுண்டா? ஒரே ஒரு தையல் மெஷினை வைத்துக் குடும்பத்தை ஓட்டும் மனிதர் கொடுக்க முடியாத தொகையை நீங்கள் கஷ்டமில்லாமல் கொடுத்தபோது, இந்தக் கட்டடத்துக்கு இவ்வளவு கிடைக்கும் என்று கட்டடக்காரர் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார். அடுத்த முறை தையற்காரரிடம் பேசும்போது அவர் மனசில் இருந்தது உங்கள் தொகை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஓவியர் காலடி வைத்தால் வாடகை ஏறிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. அமெரிக்க நகரங்களை வைத்து நடந்த ஆய்வுகளில், விளம்பரம், வடிவமைப்பு, சினிமா மாதிரி வணிகக் கலைத் தொழில்கள் குவிகிற இடங்களில்தான் மாற்றம் வேகமாக நடப்பதாகவும், ஓவியக் கூடம், நாடகக் குழு மாதிரியானவை இருக்கிற இடங்கள் நிதானமாகவே மாறுவதாகவும் பார்த்திருக்கிறார்கள். ஓவியர் வந்த பிறகும் ஏழையாகவே இருந்துவிட்ட பேட்டைகளும் ஏராளம், அதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. பக்கத்தில் புது ரயில் நிலையம், அலுவலகங்கள், நகரத்தின் திட்டம், வங்கிக் கடன் இத்தனையும் இல்லாமல் நாலு கேன்வாஸ் மட்டும் ஒரு தெருவைப் புரட்டிப் போட்டுவிடாது.

ஆக, காரணம் நீங்கள் இல்லை, ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி நீங்கள். தையற்காரருக்கு இனி செய்ய ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாமல், அவர் இப்போது எங்கே கடை போட்டிருக்கிறார் என்று கண்டுபிடித்து உங்கள் துணிகளையாவது அங்கே கொடுங்கள். மீதி இருக்கும் வாடகைதாரர்களோடு ஒரு நாள் உட்கார்ந்து, யார் எவ்வளவு கொடுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். பல கட்டடங்களில் வாடகை ரகசியமாக இருப்பதால்தான் ஒவ்வொருவராகப் பிரித்து ஏற்ற முடிகிறது. இன்னொன்று, உங்களுக்கும் நோட்டீஸ் வரும், அப்போது அந்த வெல்டிங்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேள்வி: கட்டடம் என்னுடையது. பத்து வருடமாக ஓவியர்களுக்குக் கம்மி வாடகைக்குக் கொடுத்தேன். இப்போது நல்ல விலைக்குக் கேட்கிறார்கள், விற்றால் என்னை வில்லன் மாதிரி பார்க்கிறார்கள். என் சொத்தை நான் விற்பது பாவமா?

பாவம் எல்லாம் இல்லை. உங்களுக்கும் பிள்ளைகள் படிப்பு, வைத்தியச் செலவு எல்லாம் இருக்கும். ஒரே ஒரு கணக்கு மட்டும் கேட்கிறேன்: பத்து வருடம் முன் அந்தக் கட்டடத்துக்கு என்ன விலை, இப்போது என்ன விலை, நடுவில் நீங்கள் அதற்கு என்ன செலவு செய்தீர்கள்? மின்சார வயரிங் போட்டது யார், தரையைச் சமன் செய்தது யார், ‘அந்த ஓவியர்கள் இருக்கிற கட்டடம்’ என்று ஊரில் பேர் வாங்கிக் கொடுத்தது யார்?

என் கதை ஒன்று சொல்கிறேன். இருபது வயதில் நாங்கள் அஞ்சு பேர் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்து ஓவியக் கூடமாக வைத்திருந்தோம். ஏழு வருடம். சிமெண்டுத் தரை முழுக்க எங்கள் வண்ணம்தான், நீலம் சிந்திய இடத்தின் மேல் காவி, அதன் மேல் யாரோ செருப்போடு நடந்த தடம் அப்படியே காய்ந்து. காலி செய்தபோது தரையைப் பாழாக்கிவிட்டோம் என்று முன்பணத்தில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார் சொந்தக்காரர். நாங்களும் தப்பு நம்மேல்தான் என்று பேசாமல் வந்துவிட்டோம். ரெண்டு வருடம் கழித்து அங்கே ஓர் அலுவலகம் வந்தது, திறப்பு விழாவுக்கு நண்பர் ஒருவர் கூட்டிப் போனார். சுவர், கூரை எல்லாம் புதுசு. தரையை மட்டும் அப்படியே விட்டு மேலே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வைத்திருந்தார்கள். “இது ஒரிஜினல் சார், முன்னாடி ஆர்ட்டிஸ்டுங்க இருந்த இடம்” என்று அங்கிருந்த பையன் எனக்கே விளக்கினான். அந்தச் செருப்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே, விற்கும்போது வாடகைதாரர்களிடம் முதலில் கேளுங்கள், அவர்கள் சேர்ந்து வாங்க முடியுமா என்று ஆறு மாதம் அவகாசம் கொடுங்கள். முடியாவிட்டால் நல்ல விலையில் ஒரு பங்கை இடம் மாறும் செலவுக்குக் கொடுங்கள். சட்டம் உங்களை அப்படிச் செய்யச் சொல்லாது. நான் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு கட்டடக் கம்பெனி, ‘எங்கள் சுவர் முழுக்க நீங்கள் வரையலாம், பணம் இல்லை, ஆனால் பெரிய விளம்பரம் கிடைக்கும்’ என்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

விளம்பரம் யாருக்கு? அதைக் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

மயாமியில் வின்வுட் என்று ஒரு பகுதி, போர்ட்டோ ரிக்கோ வழி வந்த மக்களும் துணிக் கிடங்குகளும் இருந்த இடம். 2009-இல் டோனி கோல்ட்மேன் என்ற கட்டட முதலாளி அங்கே ஜன்னலில்லாத கிடங்குச் சுவர்களை உலகப் புகழ்பெற்ற தெரு ஓவியர்களுக்குக் கொடுத்து ‘வின்வுட் வால்ஸ்’ என்று ஆரம்பித்தார். படங்கள் பிரமாதம், அதில் எனக்குக் குறை இல்லை. இதே கோல்ட்மேன் அதற்கு முன் பணம் போட்ட இடங்களில் ஒன்று எது தெரியுமா? நாம் மேலே பார்த்த சோஹோ. ஓவியர்கள் முதல் தடவை தெரியாமல் செய்ததை, அவர் அடுத்த தடவை திட்டம் போட்டுச் செய்தார். படம் வரைகிறவருக்கு இது கலை, மனை வைத்திருக்கிறவருக்கு இது முதலீட்டின் முதல் தவணை, மிகவும் மலிவான தவணை.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் நடந்தது வேறு மாதிரி. ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்ற பழைய ஆலைக் கட்டடத்தில், சொந்தக்காரரின் அனுமதியோடுதான், வருடக்கணக்காக ஸ்ப்ரே ஓவியர்கள் வரைந்தார்கள். 2013 நவம்பரில் ஒரு ராத்திரியில் சொந்தக்காரர் ஆள் வைத்து வெள்ளையடித்துவிட்டார். விடிந்து வந்து பார்த்தவர்களுக்கு, மெல்லிய வெள்ளைக்கு அடியில் தங்கள் படங்கள் ஆவி மாதிரி தெரிந்தன. அடுத்த வருடம் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி எழும்பியது. ஆனால் கலைஞர்கள் விடவில்லை. ஓவியத்தின் மீது அதை வரைந்தவருக்கு உள்ள உரிமையைக் காக்கும் 1990-ஆம் வருடத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன்படி 2018-இல் நீதிமன்றம் 45 படைப்புகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை லட்சம் டாலர் வீதம், 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. முறைப்படி முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, படங்களைக் காப்பாற்ற அவகாசம் விட்டிருந்தால் அவருக்கு இந்தத் தண்டம் வந்திருக்காது. சுவர் அவருடையது என்றாலும் அதன் மேல் இருந்தது முழுக்க அவருடையது இல்லை என்று ஆனது.

இன்னொரு விதமும் இருக்கிறது. பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்கில் ப்ளூ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த ரெண்டு பிரம்மாண்டமான சுவரோவியங்கள் இருந்தன. ஒன்றில் கோட்டு டை அணிந்த ஓர் உருவம் டையைச் சரிசெய்துகொள்ளும், ரெண்டு கையிலும் தங்கக் கடிகாரம், ரெண்டையும் சங்கிலி ஒன்று விலங்கு மாதிரி இணைத்திருக்கும். எதிரே இருந்த காலி மனையில் கட்டடம் எழும்பப் போகிறது, இந்தப் படங்கள் ஜன்னல் காட்சியாக விற்கப் போகின்றன என்று தெரிந்ததும், 2014 டிசம்பரில் அவர் சம்மதத்தோடு அவருடைய ஆட்களே ராத்திரியோடு ராத்திரியாகக் கறுப்பு அடித்து மூடினார்கள். சொந்தப் பிள்ளையைத் தானே புதைக்கிற வேலை. நான் செய்திருப்பேனா என்றால் மாட்டேன், எனக்கு அவ்வளவு நெஞ்சுரம் கிடையாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணம் வாங்காமல் வரையாதீர்கள். வரைந்தால் எத்தனை வருடம் இருக்கும், அழிப்பதானால் எவ்வளவு நாள் முன்பு சொல்ல வேண்டும், அந்தப் படத்தை அவர்கள் விற்பனை விளம்பரத்தில் போடலாமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் வாடகை ஏறப்போகிறது என்பதற்கு முதல் அறிகுறி எது?

தரகர் உங்கள் பேட்டையை நீங்கள் கேள்விப்படாத பெயரில் கூப்பிடுவது.

கேள்வி: முன்பெல்லாம் எங்கள் பகுதியில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்கள் நடக்க முடியாது. கலைஞர்கள் வந்தார்கள், கடைகள் வந்தன, வெளிச்சம் வந்தது. உங்களைப் போன்றவர்கள் அழுக்கையும் வறுமையையும் ரசிக்கிறீர்கள் போலிருக்கிறது.

கோபம் நியாயமானது. ‘பழைய பேட்டை எவ்வளவு உயிரோட்டமாக இருந்தது’ என்று உருகுகிறவர்களில் பலர் அங்கே ராத்திரி தங்கியதே இல்லை. வெளிச்சம் வந்தது நல்லது, வேண்டாம் என்று யார் சொன்னது? என் கேள்வி வேறு: அந்த இருட்டில் இருபது வருடம் நடந்த பெண்கள் வெளிச்சம் வந்த பிறகும் அங்கேயே இருக்கிறார்களா? நீங்கள் இருக்கிறீர்கள், சொந்த வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகைக்கு இருந்த பக்கத்து வீட்டம்மா?

கேள்வி: சிறிய கேலரி ஒன்று நடத்துகிறேன். தொழிலாளர் பகுதி ஒன்றில் கடை திறக்க நினைக்கிறேன், லாபம் எதுவும் பெரிதாக வராது. எதிர்ப்பு வருமா?

வரலாம். லாஸ் ஏஞ்சலிஸில் பாயில் ஹைட்ஸ் என்ற பகுதியில் வந்தது. மெக்சிகோ வழி வந்த உழைக்கும் மக்கள் தலைமுறைகளாக இருக்கும் இடம். அங்கே வரிசையாகக் கேலரிகள் வந்தபோது, 2016 வாக்கில் பகுதிவாசிகள் வாசலில் நின்று ‘எங்களுக்குக் கேலரி வேண்டாம், வீடு வேண்டும்’ என்ற தொனியில் மறியல் செய்தார்கள். கலையைக் காட்டிக் கட்டட வியாபாரத்துக்கு வெள்ளையடிப்பதை ‘ஆர்ட்வாஷிங்’ என்கிறார்கள், அந்தச் சொல் அங்கே சுவர்களிலும் அட்டைகளிலும் இருந்தது. சில கேலரிகள் மூடிக்கொண்டு போயின. லாபநோக்கமில்லாத ஒன்றும் அதில் அடக்கம், அதனால் ‘லாபம் வராது’ என்ற உங்கள் வாதம் எடுபடாது. லாபம் உங்களுக்கு வருகிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. நீங்கள் வந்தால் யாருக்கு வரும் என்றுதான் கேட்டார்கள்.

ஹூஸ்டன் நகரத்தின் தேர்டு வார்டு பகுதியில் 1993-இல் ரிக் லோவும் அவரோடு சில கலைஞர்களும் ஒரு வேலை செய்தார்கள். கைவிடப்பட்டுக் கிடந்த 22 குட்டி வீடுகளைச் சீர் செய்து, சிலவற்றைக் கலைக்கும் மற்றவற்றைப் படித்துக்கொண்டே குழந்தை வளர்க்கும் இளம் தாய்மார்களுக்கும் கொடுத்தார்கள். ‘புராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ என்று பெயர். அந்தப் பகுதியும் விலை ஏற்றத்திலிருந்து தப்பவில்லை, ஆனால் அந்த வீடுகள் அவர்கள் கையில் இருக்கின்றன. கதவைத் திறக்கும் முன் அக்கம்பக்கத்தில் பத்து வீட்டுக்குப் போய், இங்கே என்ன இல்லை என்று கேட்டுப் பாருங்கள். கேலரி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அதற்குப் பிறகும் திறக்கத் தோன்றினால், அவர்கள் சொன்னதில் ஒன்றுக்காவது உங்கள் கடையில் இடம் வையுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி, இதற்கு வழிதான் என்ன? கலைஞர்கள் நாடோடிகளாகவே சாக வேண்டியதுதானா?

டொனால்ட் ஜட் என்ற சிற்பி 1968-இல் சோஹோவில் அஞ்சு மாடி வார்ப்பிரும்புக் கட்டடம் ஒன்றை 68,000 டாலருக்கு வாங்கினார். அன்றைக்கு அது யாருக்கும் வேண்டாத கட்டடம். அவர் 1994-இல் இறந்தார், சுற்றிலும் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது, அந்தக் கட்டடம் மட்டும் அவர் வைத்த நாற்காலி வைத்த இடத்தில் இருக்க, ஓர் அறக்கட்டளையின் கையில் நிற்கிறது. அதே தெருக்களில் அவருக்குச் சமமான, ஏன், சிலர் அவரைவிட நன்றாகவே வேலை செய்த வாடகைதாரர்கள் எத்தனை பேர் மூட்டை கட்டினார்கள்! திறமையில் வித்தியாசமில்லை, பத்திரத்தில் வித்தியாசம். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பாடம் இதுதான், சுற்றிச் சுற்றி எந்த ஊர்க் கதையைப் பார்த்தாலும் கடைசியில் யார் பேரில் பத்திரம் என்பதில்தான் வந்து நிற்கிறது.

எல்லோராலும் கட்டடம் வாங்க முடியாது, தெரியும். ஆனால் தனி ஆள் வாங்குவதும் நாளைக்கே காலி செய்ய வைக்கிற வாடகையும் மட்டும்தான் வழி என்று இல்லை. நியூயார்க்கில் வெஸ்ட்பெத் என்று ஒன்று, பெல் டெலிபோன் கம்பெனியின் பழைய ஆய்வுக்கூடம், 1970-இலிருந்து கலைஞர்களுக்கான குறைந்த வாடகைக் குடியிருப்பு. 380-க்கு மேல் வீடுகள். அங்கே போனவர்கள் கிளம்பவே இல்லை, அங்கேயே கிழவர்களாகிவிட்டார்கள், வெளியே காத்திருப்போர் பட்டியல் நீண்டு போய் அதைப் பல வருடம் மூடியே வைக்க வேண்டி வந்தது. லண்டனில் 1968-இல் பிரிட்ஜெட் ரைலி, பீட்டர் செட்ஜ்லி என்ற ரெண்டு ஓவியர்கள் ‘ஸ்பேஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, காலியாகக் கிடந்த துறைமுகக் கிடங்குகளை மொத்தமாக எடுத்து ஓவியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்றைக்கும் நடக்கிறது.

ஹாம்பர்க் கதை எனக்குப் பிடித்தது. ‘கெங்கெஃபியர்டல்’ என்று பழைய தொழிலாளர் சந்துகள் நாலைந்து மிச்சமிருந்தன, நகர நிர்வாகம் அதை ஒரு முதலீட்டாளருக்கு விற்றுவிட்டது, இடிக்கப் போகிறார்கள். 2009 ஆகஸ்டில் ஏறத்தாழ 200 கலைஞர்களும் மற்றவர்களும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். ‘எங்களைக் காட்டி இந்த ஊரை விற்காதீர்கள்’ என்று அந்த ஊர்க் கலைஞர்கள் பலர் அறிக்கையும் விட்டார்கள், ஏனென்றால் கலைஞர்கள் நிறைந்த நகரம் என்று அப்போது ஹாம்பர்க் தன்னை விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அந்த வருடம் முடிவதற்குள் நகரமே கட்டடங்களைத் திரும்ப வாங்கியது. எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. அதே ஜெர்மனியில், பெர்லினில் 1990-இலிருந்து கலைஞர்கள் பிடித்து வைத்திருந்த ‘டாஹலெஸ்’ என்ற பெரிய பாழடைந்த கட்டடத்தை 2012-இல் காலி செய்துவிட்டார்கள்.

லிவர்பூலில் கிரான்பி என்ற பகுதியில் தெருத்தெருவாக வீடுகளை அடைத்துப் போட்டு இடிக்கக் காத்திருந்தபோது, பகுதிவாசிகளே தெருவில் செடி வைத்து, அடைத்த ஜன்னல்களில் வண்ணம் அடித்து, 2011-இல் சமூக நில அறக்கட்டளை ஒன்றை ஆரம்பித்தார்கள். அதாவது நிலம் அறக்கட்டளைக்கு, வீடு குடியிருப்பவருக்கு, லாபத்துக்கு விற்க முடியாது. அவர்களோடு சேர்ந்து வேலை செய்த ‘அசெம்பிள்’ என்ற வடிவமைப்பாளர் குழுவுக்கு 2015-இல் பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு கிடைத்தது. இங்கே வரிசையைக் கவனியுங்கள், பகுதிவாசிகள் முதலில், கலைஞர்கள் அப்புறம்.

இதெல்லாம் பெரிய விஷயம், நாளைக்கே நடக்காது. நாளைக்கு நடக்கக்கூடியது உங்கள் ஒப்பந்தம். பதினொரு மாதம், பதினொரு மாதமாகப் புதுப்பிக்காமல் முடிந்தவரை நீண்ட காலத்துக்குப் பதிவு செய்த குத்தகையாகக் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்று எழுதுங்கள். நீங்கள் போட்ட வயரிங், குழாய், தடுப்புச் சுவர் இவற்றுக்குக் காலி செய்யும்போது என்ன கணக்கு என்று எழுதுங்கள், நான் விட்ட இடம் இதுதான். கட்டடம் கை மாறினாலும் ஒப்பந்தம் புது சொந்தக்காரரைக் கட்டுப்படுத்தும் என்று எழுதுங்கள். அப்புறம், கம்மி வாடகை என்பதற்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லாந்தில் ‘கோஸ்ட் ஷிப்’ என்ற பெயரில் கலைஞர்கள் தங்கியிருந்த ஒரு கிடங்கு தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். உள்ளே வழி தெரியாத அளவுக்குச் சாமான்கள், மர மாடிப்படி. இடம் பார்க்கப் போகும்போது ஜன்னல் வெளிச்சத்தைப் பார்ப்பதற்கு முன் ரெண்டாவது வாசல் எங்கே என்று பாருங்கள்.

கேள்வி: சார், நேராகவே கேட்கிறேன். அடுத்து ஓவியர்கள் எந்தப் பேட்டைக்குப் போகப் போகிறார்கள் என்று சொன்னால் இப்போதே ரெண்டு மனை வாங்கிப் போடலாம்.

உங்கள் நேர்மைக்கு நன்றி. போன வாரம்தான் தெரிந்த ஓவியர் ஒருவர் போன் செய்தார், இடம் கிடைத்துவிட்டதாம், ஆறு மாதத் தேடலுக்குப் பிறகு. எங்கே என்று கேட்டதற்கு, “உங்ககிட்ட சொல்ல மாட்டேண்ணே, நீங்க பத்திரிகையில எழுதிடுவீங்க” என்று சொல்லிவிட்டார். கூரை ஒழுகுகிறதாம். அது மட்டும்தான் தெரியும்.